கண்டன்சர் மாற்றிய பின்னும் ரேடியோ பாடவில்லையா?

பழைய வால்வு ரேடியோவையோ ஆம்ப்ளிபயரையோ பழுது பார்க்க எடுப்பவர்கள் முதலில் மாற்றுவது கண்டன்சர்களைத்தான். பாடநூலில் நாம் ‘மின்தேக்கி’ என்று நடத்தும் அதே பொருள்தான் அது. ஐம்பது, அறுபது ஆண்டுப் பெட்டியில் அதிகம் கெட்டுப்போவதும் அதுவே. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. எல்லாவற்றையும் மாற்றி மின் இணைப்புக் கொடுத்ததும் பெட்டி பாடாமல் ‘உம்’ என்று இரைகிறது. அல்லது சிறிது நேரம் பாடிவிட்டுக் கரகரக்கிறது. “புதுச் சாமான் போட்டும் சரியாகவில்லை, இனி இது தேறாது” என்ற தீர்ப்போடு பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு முன்னாள் மாணவர் ஒருவரின் குடும்பம் கொடுத்த ஐந்து வால்வு ரேடியோவும் இதே நிலைக்கு வந்தது. புளியங்குடிக் கடைத்தெருவில் அந்தக் காலம் முதல் ரேடியோ வேலை பார்த்துவரும் பெரியவர் ஒருவர் கண்டன்சர்களை மாற்றிக் கொடுத்தார். அதன்பின் இரண்டு புதிய கோளாறுகள் தலைகாட்டின. அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவதா, வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெரியவரும் நானும் மேல்நிலை இயற்பியல் மாணவர்களும் அந்தக் கோளாறுகளைத் தேடிய முறையைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மின்தேக்கி ஏன் முதலில் கெடுகிறது?

சென்னையில் 1924இல் சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. நம் பகுதிக்கான திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது. டிரான்சிஸ்டர் பரவும்வரை வீட்டு ரேடியோ, பஞ்சாயத்து ரேடியோ, பள்ளியில் கல்வி ஒலிபரப்புக் கேட்ட ரேடியோ எனப் பெரும்பாலானவை வால்வுப் பெட்டிகளே. பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் அவற்றுக்கான வால்வுகளைத் தயாரித்தது.

இந்தப் பெட்டிகளில் கெடுகிற மின்தேக்கிகள் இரண்டு வகை. ஒன்று மின்பகுளி மின்தேக்கி. அலுமினியக் குப்பிக்குள் ஈரமான மின்பகுளி இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து மின்தேக்குத்திறன் குறையும். இன்னொன்று மெழுகுக் காகித மின்தேக்கி. குற்றாலச் சாரல் எட்டும் நம் ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் காற்றே ஈரம்தான். அந்த ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ள, தடுக்க வேண்டிய நேர்மின்னோட்டத்தை அது கசியவிடும். மைக்கா, பீங்கான் வகைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைக் காரணமின்றிக் கழற்ற வேண்டியதில்லை.

மூன்று கேள்விகள்

மாற்றியபின் வரும் பழுதைத் தேடும்போது பெரியவர் ஓர் ஒழுங்கை விடாமல் பின்பற்றினார். அதை மாணவர்கள் மூன்று கேள்விகளாக எழுதிக்கொண்டார்கள்.

1. கை பட்ட இடத்திலேயே பிழை உள்ளதா?
2. இப்போது செய்த நல்ல மாற்றம், முன்பே இருந்த வேறொரு பலவீனத்தை வெளியே கொண்டுவந்துவிட்டதா?
3. கை படாத இடத்தில், இதற்குத் தொடர்பில்லாமல் ஒன்று கெட்டதா?

இந்த வரிசை முக்கியம். நேற்றுவரை இல்லாத கோளாறு இன்று வந்தால், நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவே மாறியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலர் மூன்றாவது கேள்வியில் தொடங்கி வால்வு, டிரான்ஸ்பார்மர், காயில் என்று எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பாதுகாப்பு

வால்வுப் பெட்டிக்குள் 250 முதல் 300 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். இது உயிரைப் பறிக்கக்கூடியது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 300 வோல்ட்டில் சேமிக்கும் ஆற்றலைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரே கணக்கிடலாம்: ½ × 0.00005 × 300 × 300 = 2.25 ஜூல். எண் சிறியதுதான். ஆனால் அது கண் இமைக்கும் நேரத்தில் உடல் வழியே பாயும்.

ஆகவே பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியபின், காப்பிடப்பட்ட பிடியுள்ள 10 கிலோஓம், 10 வாட் மின்தடை வழியாக மின்தேக்கியை மின்னிறக்கம் செய்ய வேண்டும். இங்கே நேர மாறிலி 0.5 நொடி. ஐந்து மடங்கு நேரமான 2.5 நொடியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகிவிடும். அதன்பின் மல்டிமீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா ரேடியோவிலும் மின்மாற்றி இருக்காது. வால்வின் பெயர் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால், அது பெரும்பாலும் மின்மாற்றி இல்லாத ஏசி-டிசி பெட்டி. அதில் உலோகச் சட்டமான சேஸிஸே வீட்டு மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுதும் மின்சாரம். அத்தகைய பெட்டியைப் பள்ளியில் திறக்கவே வேண்டாம்.

மின்சாரம் ஓடும்போது அளவெடுத்தவர் பெரியவர் மட்டுமே. அதுவும் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. மாணவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, அவர் சொன்ன எண்களைக் குறித்துக் கணக்கிட்டார்கள். இந்த விதியை எந்தப் பள்ளியிலும் தளர்த்தக் கூடாது.

முதல் முறை மின் இணைப்பு எப்போதும் சீரிஸ் போர்டு வழியாகத்தான். எலக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் இருக்கும் இந்தப் பலகையில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு தொடரிணைப்பில் இருக்கும். பல்பு முதலில் பிரகாசமாக எரிந்து பின் மங்கினால் பெட்டி இயல்பாக உள்ளது. மங்காமல் முழு ஒளியில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று. பத்தாம் வகுப்பின் தொடரிணைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முதல் கேள்வி: கை பட்ட இடம்

மின்சாரம் இல்லாமலே, சுற்றுப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியவை இவை.

மதிப்பு: பழைய சுற்றுப்படங்களில் மின்தேக்கிக்குப் பக்கத்தில் 22கே என்று இருந்தால் 22,000 பிகோஃபாரட், அதாவது 0.022 மைக்ரோஃபாரட். இன்றைய மின்தேக்கியில் அதே மதிப்பு 223 என்று அச்சாகியிருக்கும்: 22ஐத் தொடர்ந்து மூன்று சுழியம், பிகோஃபாரட் அலகில். 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட். ஒரு சுழியம் பிசகினால் மதிப்பு பத்து மடங்கு மாறும். அலகு மாற்றத்தில் மதிப்பெண் மட்டுமே போகும் என்று நினைக்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம்.

முனை: மின்பகுளி மின்தேக்கிக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. மாற்றி இணைத்தால் சூடேறி வெடிக்கும். பழைய குப்பியில் பெரும்பாலும் நேர்முனைக்குக் குறியிருக்கும். இன்றைய மின்தேக்கியின் உடலில் எதிர்முனைக்குப் பட்டை போட்டிருக்கிறார்கள். பார்த்தபடியே மாற்றுபவர் ஏமாறுவது இங்கேதான்.

அளவுக்கு மீறிய நல்லெண்ணம்: 32 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 220 போட்டால் இரைச்சல் இன்னும் குறையும் என்று தோன்றும். ஆனால் ஈஸட்80 போன்ற திருத்தி வால்வுக்கு அடுத்து வரும் முதல் மின்தேக்கி 50 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது என்பது அந்த வால்வைத் தயாரித்தவர்களே விதித்த வரம்பு. பெரிய மின்தேக்கி ஒவ்வொரு முறையும் மின்னூட்டம் பெறும்போது வால்விலிருந்து பெரும் மின்னோட்டத்தை இழுத்து அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

மின்கம்பியோடு நேரடியாக இணையும் மின்தேக்கி: இந்த இடத்தில் சாதாரண வகை கூடாது. இதற்கென்றே செய்யப்படும் எக்ஸ் அல்லது ஒய் வகைப் பாதுகாப்பு மின்தேக்கிதான் வேண்டும்.

கம்பியின் நீளம்: பழைய காகித மின்தேக்கி விரல் பருமன், புதியது புளியங்கொட்டை அளவு. எஞ்சிய கம்பி நீளமாகத் தொங்கினால் பக்கத்துப் பகுதியின் சைகையை வாங்கி ‘கீ’ என்று ஊளையிடும். ‘புட்… புட்…’ என்று மோட்டார் படகு போலச் சத்தம் வந்தால், ஒரு பகுதியை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் மின்தேக்கி விடுபட்டிருக்கிறதா, அதன் இணைப்பு சரியா என்று பார்க்க வேண்டும்.

பற்றவைப்பு: பளபளப்பாக, படிந்து இருந்தால் நல்லது. மங்கலாக, உருண்டையாக நின்றால் ‘டிரை சால்டர்’. காப்புள்ள குச்சியால் மெல்லத் தட்டும்போது கரகரப்பு வந்தால் அதுவே இடம்.

இரைச்சல் சொல்லும் செய்தி

எங்கள் பெட்டியின் முதல் கோளாறு ‘உம்’ என்ற இரைச்சல். இதற்குக் கருவியே இல்லாமல் ஒரு சோதனை உண்டு. ஒலி அளவுக் குமிழை முழுதும் குறைக்க வேண்டும். இரைச்சல் மறைந்தால் அது குமிழுக்கு முந்தைய பகுதியிலிருந்து வருகிறது. மறையாவிட்டால் குமிழுக்குப் பிந்தைய பகுதியிலோ மின்வழங்கியிலோ உள்ளது. ஒரு குமிழைத் திருப்பியதில் பெட்டியின் பாதியைத் தேட வேண்டிய தேவையே போய்விடுகிறது.

எங்கள் பெட்டியில் இரைச்சல் மறையவில்லை. அடுத்து, அது எந்த அதிர்வெண் என்று பார்த்தோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலைத் திருத்தி இரண்டு அரை அலைகளையும் பயன்படுத்துவதால், வடிகட்டியில் குறை இருந்தால் வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். மாறாக வால்வின் சூடேற்றும் இழையிலிருந்து கசிவு என்றாலோ திருத்தியின் ஒரு பாதி வேலை செய்யவில்லை என்றாலோ 50 ஹெர்ட்ஸ் வரும். கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியை ஒலிபெருக்கி அருகே பிடித்தோம். 100 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை எழுந்தது.

வடிகட்டி மின்தேக்கியோ புதியது. அளந்தால் மதிப்பும் சரி. மீதமிருப்பது அதன் இணைப்பு. மின்சாரத்தை நிறுத்தி, மின்னிறக்கம் செய்து, அதன் எதிர்முனை வைத்திருந்த சேஸிஸ் முனைக்கும் மின்மாற்றியின் நடுமுனைக்கும் இடையே அளந்தபோது 3 ஓம் காட்டியது. சுழியம் வர வேண்டிய இடம் அது. அந்த முனையைச் சட்டத்தோடு பிடித்திருந்த ரிவெட்டின் அடியில் துரு. மின்னூட்ட மின்னோட்டம் அந்த 3 ஓமைத் தாண்டும்போது உருவாகும் சிறு மின்னழுத்தமே இரைச்சலாகக் கேட்டது. எதிர்முனையை நேரே நடுமுனை சேஸிஸோடு சேரும் இடத்துக்குக் கொண்டுபோனதும் இரைச்சல் அடங்கியது. முதல் கேள்விக்கு விடை கிடைத்தது: பொருள் சரி, சேர்த்த இடம் சரியில்லை.

இரண்டாம் கேள்வி: வெளிப்பட்ட பலவீனம்

இன்னொரு கோளாறு நுட்பமானது. பதினைந்து நிமிடம் நன்றாகப் பாடும். பிறகு குரல் உடையும். ஒலிபெருக்கியை இயக்கும் ஈஎல்84 வால்வில் சந்தேகம் எழுந்தது. அதன் கேத்தோடிலிருந்து சேஸிஸுக்கு 150 ஓம் மின்தடை. அதன் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்தால் ஓம் விதியே மின்னோட்டத்தைச் சொல்லிவிடும். தொடக்கத்தில் 7.5 வோல்ட், 150ஆல் வகுத்தால் 50 மில்லிஆம்பியர். இது இயல்பு. பதினைந்தாம் நிமிடத்தில் 10.2 வோல்ட், அதாவது 68 மில்லிஆம்பியர். வால்வின் பிளேட் தாங்கக்கூடியது 12 வாட்; இந்த நிலையில் அது 14 வாட்டுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது. சுழியத்தில் இருக்க வேண்டிய கிரிட் 4 வோல்ட் நேர்மின்னழுத்தத்துக்கு ஏறியிருந்தது.

கிரிட் இப்படி ஏறினால் வழக்கமான குற்றவாளி, முந்தைய வால்வின் பிளேட்டோடு அதை இணைக்கும் மின்தேக்கி. கசிவு சிறிதாக இருந்தாலே போதும். பிளேட்டில் 100 வோல்ட், மின்தேக்கியின் கசிவுத் தடை 20 மெகாஓம், கிரிட் மின்தடை 0.68 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரிட்டுக்கு வருவது 100 × 0.68 ÷ 20.68, அதாவது சுமார் 3.3 வோல்ட். 2 மெகாஓம் வரை மட்டுமே அளக்கும் மலிவான மல்டிமீட்டர், இந்த மின்தேக்கியை ‘நல்லது’ என்றே காட்டும்.

ஆனால் எங்கள் பெட்டியில் அந்த மின்தேக்கி புதியது. ‘புதியது’ என்பதால் அது நல்லது என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதன் ஒரு முனையைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தோம். பதினைந்து நிமிடத்தில் கிரிட் அதேபோல 4 வோல்ட்டுக்கு ஏறியது. மின்தேக்கி விடுதலையானது. வால்வுக்குள் மிச்சம் தங்கிய வாயுவால் கிரிட்டிலேயே மின்னோட்டம் உண்டாகிறது என்பது தெளிவாயிற்று.

இந்த வால்வு முன்பு ஏன் தொல்லை தரவில்லை? விடை பெரியவரின் குறிப்புத் தாளில் இருந்தது. கண்டன்சர் மாற்றும் முன் அவர் எல்லா மின்னழுத்தங்களையும் அளந்து எழுதிவைத்திருந்தார். அப்போது மின்வழங்கி தந்தது 190 வோல்ட், கேத்தோடில் 5.4 வோல்ட், அதாவது 36 மில்லிஆம்பியர். காய்ந்துபோன பழைய மின்தேக்கிகளால் மின்னழுத்தம் தாழ்ந்து, வால்வு பாதி உழைப்பில் ஓய்வாக இருந்திருக்கிறது. புதிய மின்தேக்கிகள் வந்ததும் மின்னழுத்தம் 265 வோல்ட்டுக்கு உயர்ந்தது. அதுதான் சரியான அளவு. சரியான அளவு வந்தபோதுதான் வால்வின் பழைய நோய் வெளியே தெரிந்தது.

பழைய மின்தேக்கிகளையே திரும்ப மாட்டியிருந்தால் ‘உடைந்த குரல்’ போயிருக்கும். பெட்டி சரியாகிவிட்டது போலவும் தோன்றியிருக்கும். கிதார் ஆம்ப்ளிபயர்களுக்காக ஈஎல்84 இன்றும் வெளிநாடுகளில் தயாராகிறது. பெரியவர் தன் சேமிப்பிலிருந்து சோதித்த வால்வு ஒன்றைத் தந்தார். ஒரு மணி நேரம் கழித்தும் கேத்தோடு 7.4 வோல்ட்டில் நின்றது. மத்திய அலையில் திருநெல்வேலிக்குரிய 1197 கிலோஹெர்ட்ஸில் முள் வந்ததும் குரல் தெளிவாகக் கேட்டது. பெட்டி இப்போது எங்கள் இருப்புப் பதிவேட்டில் உள்ளது.

மூன்றாம் கேள்வி: கை படாதவை

முதல் இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகே இங்கு வர வேண்டும். வால்வுச் சாக்கெட்டில் படிந்த அழுக்கு, மதிப்பு கூடிப்போன பழைய கார்பன் மின்தடைகள், தேய்ந்த ஒலி அளவுக் குமிழ் ஆகியவை இவ்வகை. அலை வரிசையைத் தீர்மானிக்கும் காயில்களின் திருகுகளை மட்டும் யாரும் திருகிப் பார்க்கக் கூடாது. தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்த அமைப்பு அது. ஊகத்தில் திருகினால் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

வகுப்பறைக்கு என்ன பயன்?

மேல்நிலை இயற்பியலில் மின்தேக்கி, பத்தாம் வகுப்பில் ஓம் விதி, தொடரிணைப்பு என்று நேரடிப் பயன் உண்டு. வால்வு ரேடியோ கிடைக்காத பள்ளியிலும் 9 வோல்ட் மின்கலம், 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 10 கிலோஓம் மின்தடை, மல்டிமீட்டர் இருந்தால் போதும். நேர மாறிலி 10 நொடி. மின்னிறக்கத்தைக் கடிகாரம் பார்த்து அட்டவணையிட்டு வரைபடம் வரையலாம். ஆபத்தில்லை. ஒருவர் சுற்றில் ஓர் இணைப்பை மறைவாகக் கழற்றிவிட, மற்ற குழு மூன்று கேள்விகள் வழியே கண்டுபிடிக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அளவு குறிக்க வேண்டும். விதிமுறை இவ்வளவே.

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் இதே வரிசை உதவும். கடன் வாங்கிக் கழித்தலைக் கற்பித்த மறுவாரம், 58 − 23 என்பதை இதுவரை சரியாகச் செய்த குழந்தை 215 என்று எழுதுகிறது. தேவையில்லாத இடத்திலும் கடன் வாங்கி, 18இலிருந்து 3ஐயும் 4இலிருந்து 2ஐயும் கழித்திருக்கிறது. இது முதல் கேள்வியின் விடை: நாம் புதிதாகச் சேர்த்தது சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. இன்னொரு குழந்தை 302 − 147 இல் தடுமாறுகிறது. சுழியத்தைத் தாண்டிக் கடன் வாங்கத் தெரியவில்லை. ஏனெனில் நூறு என்பது பத்துப் பத்துகள் என்ற இடமதிப்பு முன்பே உறுதியாகவில்லை. எளிய கணக்குகளில் அந்தக் குறை மறைந்திருந்தது. கடினமான கணக்கு வந்ததும் வெளிப்பட்டது. இது இரண்டாம் கேள்வியின் விடை. முதல் குழந்தைக்குக் கடன் எப்போது தேவை என்று காட்ட வேண்டும். இரண்டாம் குழந்தைக்குக் குச்சிக் கட்டுகளோடு இடமதிப்புக்கே திரும்ப வேண்டும். இருவருக்கும் அதே பத்துக் கணக்குகளை மறுபடி கொடுப்பதால் பயனில்லை.

பெரியவரின் குறிப்புத் தாள் இல்லாவிட்டால் அந்த வால்வின் கதை எங்களுக்குப் புரிந்திருக்காது. புதிய பாடத்தைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, குழந்தைக்கு என்ன தெரியும் என்று அளந்து எழுதிவைப்பதும் அத்தகைய தாளே. பாடம் முடிந்தபின் ஒரு பிழை தோன்றினால், “இவனுக்கு வராது” என்று எழுதும் முன் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.